ஐந்தாம் மேஜை விளக்கு

எங்கள் அணியில் மூன்று பேர். உலகத்து ஆறு, மலை, தலைநகரம் எல்லாவற்றையும் தலைக்குள் அடுக்கி வைத்திருந்தவனுக்கு அகராதி என்று பெயர். விளையாட்டுச் செய்தியில் இருந்து மந்திரிசபை மாற்றம்வரை ஒன்று விடாமல் படிப்பவளை நாளிதழ் என்போம். மூன்றாவது ஆள் நான். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். வினாடிவினா அணியில் என்னைச் சேர்த்தது என் வலது கை ஆள்காட்டி விரலுக்காக. கேள்வி முடியும்போதே அகராதியின் முகத்தில் ஒரு களை வந்துவிடும். அதை ஓரக்கண்ணால் பார்த்ததும் என் விரல் பொத்தானை அமுக்கியிருக்கும். பதிலை அவன் சொல்வான். கைதட்டல் மூவருக்கும்.

இதில் எனக்கு வெட்கமே இல்லை. கல்லூரியில் எனக்குப் பாட வராது, ஓட வராது, மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. விரல் ஒன்றுதான் நான் கொஞ்சம் மிதப்பாக நடக்கக் காரணமாக இருந்தது. அதற்குத்தான் அப்பா வேட்டு வைத்தார்.

அப்பா எங்கள் கல்லூரிக் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவர். ஐந்து கல்லூரிகள் கலந்துகொள்ளும் போட்டி எங்கள் அரங்கில் நடக்கப் போகிறது என்றதும், "பொத்தான் பெட்டியை வாடகைக்கு எடுக்க வேணாம், நானே செஞ்சு தரேன்" என்று முதல்வரிடம் வாயைக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜை இல்லாமல் போனது. அதன்மேல் ஒயர், பல்பு, அழைப்பு மணிப் பொத்தான்கள், ஒரு ஹாரன், பற்றவைக்கும் ஈயத்தின் புகை. நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

அவருடைய யோசனை இதுதான். பழைய கணினிகளின் முதுகில் பிரிண்டரைச் செருக நீளமாக ஒரு வாய் இருக்கும். அதை பேரலல் போர்ட் என்பார்கள். அதில் இருபத்தைந்து ஓட்டைகள். கிட்டத்தட்ட பாதி கணினி பிரிண்டரிடம் பேசுவதற்கு. பிரிண்டர் திருப்பிப் பேச, காகிதம் தீர்ந்துவிட்டது, வேலையாக இருக்கிறேன் என்றெல்லாம் சொல்ல, ஐந்தே ஐந்து ஓட்டைகள். பிரிண்டர் இருக்கிற இடத்தில் பொத்தான்களை மாட்டிவிட்டால் அந்த ஐந்தின் வழியாகக் கணினி பொத்தான்களைக் கேட்கும். பேசுகிற ஓட்டைகள் வழியாக முதலில் அமுக்கியவரின் விளக்கை எரிய வைக்கும்.

"பாத்தியா, அஞ்சு காலேஜ், அஞ்சு ஓட்டை! இதுக்காகவே செஞ்ச மாதிரி இருக்கு" என்றார் அப்பா. அவர் முகத்தைப் பார்த்தால் யாரோ அவருக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லி அனுப்பியது போல இருந்தது.

முதலில் கல்லூரியின் புதுக் கணினியில் முயன்றார். அதன் முதுகில் அந்த வாயே இல்லை. கடையில் இருந்து ஒரு மாற்று ஒயர் வாங்கி வந்தார். அது பிரிண்டரோடு மட்டும்தான் பேசும், பொத்தானையும் பல்பையும் சீண்டக்கூட மாட்டேன் என்றது. அதைத் தூக்கிச் சுவரில் அடிக்கப் போனவரை அம்மா தடுத்தாள். பிறகு ஆய்வகத்து மூலையில் கிடந்த பழைய கணினி வந்தது. வாய் இருந்தது, ஆனால் உள்ளே இருந்த மென்பொருள் கறாரானது. சாதாரண நிரல் ஒன்று நேரடியாகப் போர்ட்டைத் தொடப் போனால் உனக்கு அனுமதி இல்லை என்று கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும்.

"என் கம்ப்யூட்டர், என் ஒயர், என் ப்ரோக்ராம். இவன் யாரு நடுவுல?" என்று அப்பா கத்தியது தெருமுனைவரை கேட்டிருக்கும். காவலைத் தாண்டிப் போகிற சின்ன மென்பொருள் ஒன்றை எங்கிருந்தோ பிடித்து வந்தார். அதன்பிறகு இரண்டாம் மேஜையின் விளக்கு யாரும் தொடாமலே எரிந்தது. அந்த ஓட்டை மட்டும் தலைகீழாகப் பேசுமாம். ஆம் என்றால் இல்லை, இல்லை என்றால் ஆம். அதையும் நிரலில் திருப்பிப் போட்டார். கணினியைப் போட்டவுடன் எல்லா விளக்கும் ஹாரனும் ஒரே சமயத்தில் கிளம்பி, அரங்கக் காவலாளி நாற்காலியில் இருந்து துள்ளி விழுந்ததற்கு மட்டும் மருந்து கிடைக்கவில்லை. "அது பழகிடும்" என்று காவலாளியிடம் சொன்னார்.

கடைசியாக வந்த புகார் முதல்வருடையது. ஒத்திகை பார்க்க வந்தவர், கணினியின் விசிறி மாவு மில் மாதிரி இரைகிறது, கேள்வி காதில் விழவில்லை என்றார். நிரல் ஒரு நொடிகூட ஓயாமல் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் கணினி சூடாகி இரைந்தது. அப்பா நிரலை நடுநடுவே கொஞ்சம் ஓய்வெடுக்க வைத்தார். இரைச்சல் நின்றது. விளக்கு மட்டும் சற்று யோசித்துவிட்டு எரிந்தது. முதல்வர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அப்பா ஒவ்வொரு மேஜையாகப் போய்ப் பொத்தானை அமுக்கிக் காட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. எல்லாம் எரிந்தன. பெட்டி தயார்.

போட்டி நாள் காலையில் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எங்களுக்கு ஐந்தாம் மேஜை வந்தது. காலைச் சுற்றில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்கு மதியம் இறுதிப் போட்டி. அன்று காலை என் விரல் இருந்த இருப்பை என்ன சொல்ல! அகராதியின் முகம் மலர்ந்தது, அமுக்கினேன், எரிந்தது. நாளிதழ் லேசாக இருமினாள், அமுக்கினேன், எரிந்தது. அவர்களுக்குப் பதில் வருவதற்கு முன்பே, வரும் என்ற நம்பிக்கையில் ஒருமுறை அமுக்கினேன். அதுவும் எரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாம் மேஜையில் தடித்த கண்ணாடி போட்ட ஒருத்தி இருந்தாள். ஒவ்வொரு தடவை எங்கள் விளக்கு எரியும்போதும் அவள் தன் பொத்தானைப் பார்ப்பாள், விளக்கைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். பாதியில் பொறுக்காமல் எழுந்துவிட்டாள்.

"சார், நான்தான் முதல்ல அமுக்கினேன்."

கேள்வி கேட்பவரை நாங்கள் மைக் சார் என்போம். மைக்கை விட்டுப் பிரியாதவர். அவர் மேடையோரம் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார். அப்பா எழுந்து போய் இரண்டாம் மேஜைப் பொத்தானை அமுக்கினார். விளக்கு எரிந்தது.

"வேலை செய்யுதேம்மா" என்றார். திரும்பி வரும்போது மைக் சாரிடம் மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "தோத்தவங்க எல்லாரும் பெட்டி சரியில்லன்னுதான் சார் சொல்லுவாங்க" என்றார். மைக் திறந்திருந்தது. அரங்கமே சிரித்தது. கண்ணாடிக்காரியின் முகம் சிவந்துபோனது. நானும் சிரித்தேன்.

நாங்கள் முதலிடம். கண்ணாடிக்காரியின் அணி மயிரிழையில் மூன்றாமிடம், அதாவது வெளியே.

சாப்பாட்டு இடைவேளையில் கை கழுவும் இடத்தில் அவள் என்னை மடக்கினாள்.

"உங்கப்பாதானே அந்தப் பெட்டியை செஞ்சவரு?"

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, கைக்குட்டையில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. எவ்வளவு கொழுப்பு! என் விரலைச் சந்தேகப்பட இவள் யார்?

விறுவிறுவென்று அரங்கத்துக்கு வந்தேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அப்பா மட்டும் கணினிக்கு முன்னால். அம்மா அப்போதுதான் சாப்பாட்டுப் பையோடு உள்ளே வந்தாள், வழக்கம்போலத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் தொலைபேசியைச் செருகிக்கொண்டு. அந்தப் பக்கம் சித்தி. அவர்கள் பேச்சு எப்போது தொடங்கியது, எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"அப்பா, பெட்டியைப் போடுங்க. நான் ரெண்டாவது மேஜைல உக்காரறேன். அம்மா என் மேஜைல உக்காரட்டும். நான்தான் முதல்ல அமுக்கினேன்னு சொன்னாளே, அந்தப் பொண்ணு வந்ததும் இதையே அவகிட்ட செஞ்சு காட்டப் போறேன்."

"எதுக்கு வேண்டாத வேலை? சாப்பிடு போ."

"போடுங்கப்பா!"

எங்கள் வீட்டில் யாரைவிடவும் அம்மா மெதுவானவள். வாசல் மணி அடித்தால் அவள் எழுந்திருப்பதற்குள் வந்தவர் திரும்பிப் போயிருப்பார். அம்மாவை ஐந்தாம் மேஜையில் உட்காரவைத்து, மூன்று சொன்னதும் அமுக்கு என்றேன். "இருடி, இவ என்னமோ சொல்றா" என்று சித்தியிடம் சொல்லிவிட்டு, பேச்சை நிறுத்தாமலே பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்தாள்.

ஒன்று, இரண்டு, மூன்று. அமுக்கினேன். ஐந்தாம் விளக்கு எரிந்தது.

"இன்னொரு தடவை."

ஐந்து. மறுபடியும் ஐந்து. ஒரே ஒரு தடவை இரண்டு எரிந்தது, அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் திரும்பவும் ஐந்து. நான் அமுக்குவதை என் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு அம்மாவின் கட்டைவிரல் இறங்குவதையும் பார்த்தேன். எரிந்தது என்னவோ அம்மாவின் விளக்கு. அம்மா சித்தியிடம், "நான்தான் ஜெயிக்கறேன் போல இருக்கு" என்றாள்.

அப்பா எழுந்து வந்து என் பொத்தானை அமுக்கினார். எரிந்தது. அம்மாவுடையதை அமுக்கினார். எரிந்தது.

"தனித்தனியா அமுக்கினா எல்லாம் எரியும்பா! ரெண்டு பேரும் சேந்து அமுக்கினா பாருங்க! இத்தனை நாள்ல ஒரு தடவையாவது ரெண்டு பொத்தானை சேத்து அமுக்கிப் பாத்தீங்களா?"

அவர் திரும்பிப் போய்த் திரையில் நிரலைத் திறந்தார். பின்னால் நின்று பார்த்தேன். அப்பாவின் விரல் திரையில் ஒரு வரியில் நின்றது, அடுத்த வரிக்குப் போனது, மறுபடி மேலே வந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

இரைச்சலை நிறுத்த அவர் கொடுத்த ஓய்வு கிட்டத்தட்ட அரை விநாடி. நிரல் அரை விநாடி கண்ணை மூடிக்கொள்கிறது. அதற்குள் ஐந்து பேரும் அமுக்கியிருக்கலாம். கண் திறந்ததும் யார் முதலில் என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு ஓட்டையாக வரிசையில் பார்த்துக்கொண்டு வந்து, முதலில் கண்ணில் பட்டவருக்கு விளக்கைக் கொடுத்துவிடுகிறது. போட்டியில் எல்லோரும் அந்த அரை விநாடிக்குள்தானே அமுக்குவார்கள்?

"அப்படிப் பாத்தா ஒண்ணாவது மேஜைக்குத்தானே லாபம்?" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "நான் அஞ்சாவது மேஜைப்பா."

"நான் ஓட்டை நம்பர்படி மேஜையை மாட்டினேன்" என்றார் அப்பா. "ஆனா கம்ப்யூட்டர் அந்த வரிசைல படிக்காது. அதுக்கு வேற வரிசை. அதுல கடைசி ஓட்டைதான் முதல்ல வரும்." விரல்விட்டு எண்ணினார். "முதல்ல அஞ்சாவது மேஜை. அப்புறம் நாலு, மூணு, ஒண்ணு. ரெண்டு கடைசி."

தலைகீழாகப் பேசும் ஓட்டையை மாட்டிய அதே இரண்டாம் மேஜை. கண்ணாடிக்காரியின் மேஜை.

எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. முதல்வரின் காதுமேலா, ஓட்டைக்கு இரண்டு வரிசை வைத்தவன்மேலா, ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்துவிட்டுத் தயார் என்று சொன்ன இந்த மனிதர்மேலா? காலையில் நான் தலைகால் புரியாமல் இருந்ததை நினைத்தேன். பதில் வருவதற்கு முன்பே அமுக்கியதும் எரிந்ததே, அதை நினைத்தபோது உடம்பு கூசியது.

"அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடுவேன்" என்றார் அப்பா, திரையைப் பார்த்தபடி. "ஓய்வை எடுத்துடறேன். சேந்து அமுக்கினா செல்லாதுன்னு வச்சிடறேன். மத்தியானம் ஒழுங்கா இருக்கும்."

காலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அரங்கத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. சொன்னால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். அப்பா மகளுக்காக ஒயரை மாற்றி மாட்டினார் என்பார்கள். ஓட்டை, வரிசை, ஓய்வு என்று அவர் விளக்க விளக்க, இன்னும் பெரிய திருட்டாகத் தெரியும்.

அம்மா தொலைபேசியைக் காதில் இருந்து எடுத்தாள். அதுவே அபூர்வம்.

"அப்ப அந்த ரெண்டாவது மேஜைப் பொண்ணு சொன்னது நெஜம்தானே?"

அப்பா திரையைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன்.

"அப்புறம் என்ன முழிச்சுட்டு நிக்கறீங்க? ஏங்க, போய் சொல்லிட்டு வாங்க. சாப்பாடு ஆறுது."

அப்பா போனார்.

நான் எதிர்பார்த்தபடியே எல்லாம் நடந்தது. மைக் சார் தலையில் கைவைத்துக்கொண்டார். முதல்வர், "எந்த விசிறி? நான் எப்போ சொன்னேன்?" என்றார். அப்பா மேடையேறி மைக்கில் விளக்கினார். இருபத்தைந்து ஓட்டையில் தொடங்கினார், பாவம். மூன்றாவது வாக்கியத்திலேயே பின்வரிசையில் இருந்து ஒரு குரல், "அதெல்லாம் இருக்கட்டும் சார், உங்க பொண்ணு எந்த மேஜை?" என்றது. சிரிப்பு அடங்க நேரமானது. காலையில் அப்பா சொன்னதற்குச் சிரித்த அதே கூட்டம்தான். அப்பா மைக்கைக் கையில் பிடித்தபடி நின்றார். அவர் சட்டைப் பையில் பற்றவைப்பான் பட்ட சின்னக் கருகல் ஒன்று இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலைச் சுற்று மறுபடி நடந்தது. நிரலைத் திருத்தியாகிவிட்டது, விசிறி மில்லாக இரைந்தது, மைக் சார் தொண்டை கிழியக் கத்திக் கேள்வி கேட்டார். மேஜையை மாற்றச் சொன்னார்கள். எங்களுக்கு இரண்டு, கண்ணாடிக்காரிக்கு ஐந்து. அவள் என்னைத் தாண்டிப் போகும்போது ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பேசாமல் போனாள்.

முதல் கேள்வி. அகராதியின் முகம் மலர்ந்தது. பார்த்தேன். என் விரல் அமுக்கவில்லை. நிஜமாகவே இப்போது அமுக்கினால் நான்தான் முதலா என்று அது யோசித்தது. யோசித்து முடிப்பதற்குள் ஐந்தாம் விளக்கு எரிந்துவிட்டது.

"என்ன ஆச்சு உனக்கு?" என்று அகராதி பல்லைக் கடித்தான்.

அதற்கடுத்த கேள்வி, அதற்கடுத்தது. சிலவற்றில் முந்தினேன். முந்தியபோதும் விளக்கைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், அது பொய் சொல்கிறதா என்று. பதில் வருவதற்கு முன் அமுக்கும் தைரியம் ஒருமுறைகூட வரவில்லை. நாங்கள் மூன்றாமிடம். கண்ணாடிக்காரியின் அணி இறுதிக்குப் போய்க் கோப்பையையும் வாங்கிக்கொண்டு போனது. நாளிதழ் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அகராதி மட்டும், "விடு, ராசி இல்ல" என்றான். ராசியாம்!

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அப்பா பெட்டியையும் பழைய கணினியையும் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். கேட்டுவிட்டேன்.

"காலைல நான் அமுக்கினதுல எத்தனை நெஜம்பா?"

"அது எதையும் வச்சுக்கலம்மா" என்றார். "எரிஞ்ச விளக்கு எரிஞ்சுது, அவ்வளவுதான். யார் எப்ப அமுக்கினாங்கன்னு நான் எழுதி வைக்கல."

ஆக, அது யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது, அந்தப் பெட்டிக்கும் தெரியாது. கண்ணாடிக்காரிக்கு ஒருவேளை தெரியும்.

அப்பா பெட்டியை மாட்டிக் கணினியைப் போட்டார். விளக்குகளும் ஹாரனும் சேர்ந்து கிளம்ப, பக்கத்து வீட்டில் ஏதோ பாத்திரம் விழுந்தது. "வா, இப்ப நீயும் நானும் போட்டுப் பாக்கலாம். இப்ப சரியா இருக்கு. நீ வேகமானவதான்" என்றார். அமுக்கினோம். நான் ஜெயித்தேன். மறுபடி ஜெயித்தேன். ஒவ்வொரு தடவையும் ஜெயித்தேன். அவர் கட்டைவிரலைப் பார்த்தேன். பொத்தானுக்கு மேலே காற்றில் சற்று நின்றுவிட்டுத்தான் இறங்கியது.

"வேணும்னே லேட்டா அமுக்கறீங்க" என்றேன்.

"இல்லம்மா."

"எனக்கு யாரும் விட்டுக்கொடுக்க வேணாம்!" என்று கத்திவிட்டேன். சித்திகூடக் கேட்டிருப்பாள்.

அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு வந்தாள். "நகருங்க" என்று அப்பாவைத் தள்ளினாள். "நான் மத்தியானமே இவளை ஜெயிச்சவ. எனக்கு விட்டுக்கொடுக்கற பழக்கமெல்லாம் கிடையாது." அது உண்மை. தாயக்கட்டையில் ஐந்து வயதில் என்னை அழவைத்தவள் அவள்.

ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு விரலும் கிட்டத்தட்ட சேர்ந்து இறங்கின. யோசிக்க நேரமில்லை. என் விளக்கு எரிந்தது. அம்மா முறைத்தாள். இன்னொரு தடவை என்றாள். என் விளக்கு. அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பொத்தானை இரண்டு கையாலும் பிடித்தாள். மறுபடியும் என் விளக்கு. அம்மாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"இந்தப் பெட்டி சரியில்ல" என்றாள்.

அப்பா வாயைத் திறந்தார். காலையில் மைக்கில் சொன்னதையே சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு வாயை மூடிக்கொண்டு திருப்புளியை எடுத்தார்.

"இரு, பாக்கறேன்" என்று சொல்லி, பெட்டியைத் திறந்து, அம்மாவின் பொத்தானையும் என் பொத்தானையும் சேர்த்து அமுக்கினார்.